மின்கடத்தும் பசை: சால்டர் போட முடியாத இடத்தில் இணைப்புக் கொடுப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

சில்வர் எபாக்சி போன்ற மின்கடத்தும் பசைகளை போர்டுகளிலும் சென்சார்களிலும் டிஸ்ப்ளேக்களிலும் பயன்படுத்துவோரிடமிருந்து வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள் உள்ளன. பசையைக் குழைத்த சால்டர் என்று எண்ணிக் கையாள்வதுதான் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம். சால்டர் உலோகத்தோடு கரைந்து கலக்கிறது. பசை மேலே ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்தால் கீழே உள்ள விதிகளில் பாதி தானாகவே விளங்கும்.

இந்தப் பசைக்குள் என்ன இருக்கிறது? பசை எப்படி மின்சாரத்தைக் கடத்துகிறது?

எபாக்சி, சிலிகோன், அக்ரிலிக் போன்ற ஒரு பிசின். அதற்குள் நுண்ணிய வெள்ளிச் செதில்கள். எடைக்கணக்கில் 70 முதல் 85 சதவீதம் வரை வெள்ளிதான், ஆனால் வெள்ளி கனமானது என்பதால் கன அளவில் 25 முதல் 30 சதவீதம்தான் வரும். அந்த அளவை எட்டும்போது செதில்கள் ஒன்றையொன்று தொட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாத சங்கிலியாகின்றன. அதற்குக் கீழே இருந்தால் பசை ஏறக்குறைய மின்காப்புப் பொருள். அதற்கு மேல் எவ்வளவு வெள்ளி சேர்த்தாலும் மின்தடை கொஞ்சம்தான் குறையும், ஒட்டும் வலிமையோ வெகுவாகக் குறையும்.

ஈரமாக இருக்கும் பசையை மல்டிமீட்டரில் தொட்டுப் பார்த்துவிட்டு “இது கடத்தவே இல்லை, போலிச் சரக்கு” என்று முடிவுகட்டாதீர்கள். செதில்கள் ஒட்டி உறையாமல் இருக்க அவற்றின் மேல் ஸ்டியரிக் அமிலம் போன்ற மெல்லிய கொழுப்புப் படலம் இருக்கும். சூட்டில் பிசின் இறுகிச் சுருங்கும்போதுதான் செதில்கள் நெருக்கமாக அழுத்தப்பட்டு, படலம் விலகி, கடத்தல் பிறக்கிறது. அதனால்தான் கியூரிங் (பிசின் இறுகும் செயல்) சரியாக நடக்காத இணைப்பு, பார்வைக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது.

வெள்ளி விலை அதிகம். செம்போ நிக்கலோ கார்பனோ போதாதா?

செம்புத் துகள் ஆக்சைடு ஆனதும் தொடுபுள்ளிகள் கடத்தாமல் போகும். வெள்ளியின் மேல் உருவாகும் ஆக்சைடு ஓரளவு கடத்தும், அதுவே வெள்ளியின் பெரிய பலம். வெள்ளி முலாம் பூசிய செம்புத் துகள்கள் மலிவானவை. முலாம் முழுமையாக இருக்கும்வரை நன்றாகவே வேலை செய்யும். நிக்கலும், நிக்கல் பூசிய கிராஃபைட்டும் பெட்டிகளின் விளிம்பில் மின்காந்தக் கசிவைத் தடுக்கும் சிலிகோன் கேஸ்கெட்டுகளுக்குப் பொருந்தும். கார்பன் பசையின் மின்தடை வெள்ளிப் பசையைவிடப் பல நூறு மடங்கு அதிகம். நிலைமின்னை வடியவிடவும் ரப்பர் பட்டன் தொடுபுள்ளிக்கும் அது போதும், பாகங்களை இணைக்கப் போதாது.

கிராஃபைட் தூளை சூப்பர் குளூவில் கலந்து வீட்டிலேயே செய்யும் முறையைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். ரிமோட் கீபேடை உயிர்ப்பிக்க அது உதவலாம். மின்னோட்டம் போகும் எந்த இணைப்புக்கும் அதை நம்ப வேண்டாம்.

சால்டர் இருக்கும்போது இது எதற்கு?

சால்டர் போட முடிந்த இடத்தில் சால்டரே போடுங்கள். பசைக்கென்று உரிய இடங்கள் வேறு.

முதலாவது, சூடு தாங்காத பொருள்கள். ஈயமில்லாச் சால்டர் 217 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்குகிறது, போர்டில் சால்டரை உருக்கி இணைக்கும் ரீஃப்ளோ ஓவனில் உச்சம் 240 முதல் 250 வரை போகும். மெம்பிரேன் கீபேடிலும் ஆர்எஃப்ஐடி டேகிலும் உள்ள பாலியெஸ்டர் ஃபிலிம் அதற்கு முன்பே சுருங்கிவிடும். அதன் மேல் அச்சிட்ட வெள்ளி மைத் தடத்தில் சால்டர் சரியாக ஒட்டவும் ஒட்டாது, தடத்தையே கரைத்து விழுங்கிவிடும்.

இரண்டாவது, சால்டர் ஒட்டாத பரப்புகள்: கண்ணாடி மேல் உள்ள ஒளிபுகும் இண்டியம் டின் ஆக்சைடு, அலுமினியம், கார்பன் தடங்கள்.

மூன்றாவது, அழுத்தம் தாங்காத பாகங்கள். குவார்ட்ஸ் கிரிஸ்டலைத் திறந்து பார்த்தால், உள்ளே இருக்கும் மெல்லிய குவார்ட்ஸ் தகடு ஓரிரு பொட்டு வெள்ளிப் பசையின் மேல் நிற்பதைக் காணலாம். பிடிப்பு விறைப்பாக இருந்தால் தகட்டின் அதிர்வெண்ணே மாறிவிடும். மின்சாரம் கொடுத்தால் அதிரும் பீசோ தகடுகளிலும் அதிகச் சூடு பட்டால் அவற்றின் இயல்பு குறையும். இவற்றோடு எல்இடி சிப்பையும் ஐசி சிப்பையும் உலோகச் சட்டகத்தில் ஒட்டும் வேலையையும், கார் எஞ்சின் பகுதியில் வரும் செராமிக் ஹைப்ரிட் சர்க்கியூட்டுகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு மாற்றையும் யோசியுங்கள். டின்-பிஸ்மத் சால்டர் 138 டிகிரியில் உருகும். உங்கள் பொருள் அந்தச் சூட்டைத் தாங்கும், பேடும் (பாகத்தின் முனை உட்காரும் உலோகத் திட்டு) சால்டரை ஏற்கும் என்றால் பசை தேவைப்படாமலே போகலாம்.

எல்லாத் திசையிலும் கடத்தும் பசை, ஒரே திசையில் கடத்தும் பசை என்று இரண்டு சொல்கிறார்களே?

மேலே சொன்ன வெள்ளி நிறைந்த பசை எல்லாத் திசையிலும் கடத்தும். ஆகவே ஒவ்வொரு பேடிலும் தனித்தனியாக வைக்க வேண்டும், வழிந்தால் ஷார்ட்.

மற்ற வகையில் துகள்கள் குறைவு. கன அளவில் ஏறத்தாழ 5 முதல் 20 சதவீதம். பெரும்பாலும் 3 முதல் 10 மைக்ரோமீட்டர் அளவுள்ள, நிக்கலும் தங்கமும் பூசிய பிளாஸ்டிக் உருண்டைகள். அவை ஒன்றையொன்று தொடாததால் பக்கவாட்டில் கடத்தாது. மேலிருந்து அழுத்தும்போது இரு பேடுகளுக்கு நடுவே சிக்கிய உருண்டைகள் நசுங்கி, செங்குத்தாக மட்டும் வழி கொடுக்கும். இது பெரும்பாலும் ஃபிலிம் டேப்பாக ரீலில் வரும். கண்ணாடி டிஸ்ப்ளேயில் டிரைவர் சிப்பையும் வளையக்கூடிய ஃப்ளெக்ஸ் கேபிளையும் ஒட்டியிருப்பது இதுதான். பேடுகள் நெருக்கமாக இருந்தாலும் முழு வரிசைக்கும் ஒரே டேப்பை ஒட்டிவிடலாம்.

சால்டரோடு ஒப்பிட்டால் மின்தடை எவ்வளவு அதிகம்?

நல்ல சில்வர் எபாக்சியின் தன் மின்தடை (வடிவத்தைச் சாராமல் பொருளுக்கே உரிய மின்தடை) 0.0001 முதல் 0.0005 ஓம்-சென்டிமீட்டர் வரை. டின்-ஈயச் சால்டருக்கு ஏறத்தாழ 0.000015. அதாவது ஏறத்தாழ 7 முதல் 33 மடங்கு. அறை வெப்பத்தில் இறுகும் மலிவு வகைகளில் 0.005-க்கு மேலும் போகும்.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட் 0.5 சதுர மில்லிமீட்டர், பசைத் தடிமன் 50 மைக்ரோமீட்டர், தன் மின்தடை 0.0004 என்றால் பசையின் உடலில் வரும் மின்தடை 0.4 மில்லி ஓம்தான். நடைமுறையில் அதே இணைப்பை அளந்தால் பல மில்லி ஓம், சில சமயம் பல பத்து மில்லி ஓம் காட்டும். மிச்சம் எங்கிருந்து வந்தது? பசையும் பேடும் சந்திக்கும் பரப்பிலிருந்து. அதனால் விலை உயர்ந்த பசை வாங்குவதைவிட பேடின் மேற்பரப்பைத் திருத்துவதில் கிடைக்கும் பலன் பெரிது. தயாரிப்பாளர் தரும் டேட்டாஷீட்டில் தன் மின்தடையை மட்டும் ஒப்பிட்டுப் பசை தேர்ந்தெடுப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

வைத்த அன்று நன்றாக இருந்தது. மழைக்காலம் வந்ததும் மின்தடை ஏறிவிட்டது. ஏன்?

முதலில் பார்க்க வேண்டியது பேடிலோ பாகத்தின் முனையிலோ டின் முலாம் இருக்கிறதா என்று. கடையில் கிடைக்கும் சாதாரண ரெசிஸ்டர், கெபாசிட்டர் பெரும்பாலானவற்றின் முனையிலும் டின்தான் இருக்கும். வெள்ளியின் மின்முனை அழுத்தம் +0.80 வோல்ட், டின்னுடையது −0.14 வோல்ட். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்க, பிசின் வழியே ஈரம் நுழைந்ததும் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிவிடுகிறது. அதில் அரிபடுவது டின். அரிப்பால் உருவாகும் டின் ஆக்சைடும் ஹைட்ராக்சைடும் வெள்ளிச் செதிலுக்கும் முனைக்கும் நடுவே காப்புப் படலமாகப் படிகின்றன.

நெடுங்காலம் இதைச் சாதாரண ஆக்சிஜனேற்றம் என்றே நினைத்திருந்தார்கள். 1990-களின் இறுதியில் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் கல்விநிலையத்தில் டாவ்சியாங் லூ, சி. பி. வாங் ஆகியோர் செய்த ஆய்வுகள்தான் இது உலோக ஜோடி அரிப்பு என்று காட்டின. உலர்ந்த சூட்டில் மின்தடை ஏறவில்லை, ஈரமும் சேர்ந்தால்தான் ஏறியது. வெள்ளியோடு தங்கம் போன்ற உயர்ந்த உலோகம் சேர்ந்தால் ஈரத்திலும் நிலையாக இருந்தது.

சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் ஓடும் கருவிகளுக்கு இது ஏட்டளவில் நிற்கும் செய்தி அல்ல. காற்றிலேயே ஈரமும் உப்பும் இருக்கின்றன.

அப்படியானால் எந்த முலாம் நல்லது?

நிக்கல் மேல் தங்கம் மிக நன்று. வெள்ளி முலாமும், ஹைப்ரிட் சர்க்கியூட்டுகளில் வரும் வெள்ளி-பல்லேடியம் முனைகளும் நன்று. வெறும் செம்பும் கரிமப் பூச்சு கொடுத்த செம்பும் தொடக்கத்தில் சரியாகத் தெரியும், போகப்போக மோசமாகும். சால்டரில் முக்கியெடுத்த பேடும் டின் முலாமும் வேண்டாம்.

போர்டை மட்டும் தங்க முலாமில் செய்துவிட்டு டின் முனைப் பாகங்களை ஒட்டினால் பாதி வேலைதான் முடிந்தது. பாகங்களையும் வெள்ளி-பல்லேடியம் அல்லது தங்க முனையோடு கேட்டு வாங்க வேண்டும். பெரிய பாகத் தயாரிப்பாளர்கள் மின்கடத்தும் பசைக்கென்றே தனி வரிசை வைத்திருக்கிறார்கள். டின்னைத் தவிர்க்கவே முடியாது என்றால், அரிப்புத் தடுப்பான் சேர்த்து டின்னுக்கென்று செய்த பசைகள் உண்டு. அவற்றை உங்கள் பாகத்தோடு நீங்களே ஈரச் சோதனை செய்து பார்த்த பிறகு நம்புங்கள்.

ஃப்ரீசரில் வைக்கச் சொல்லி சிரிஞ்சில் வருகிறது. எப்படிக் கையாள்வது?

ஒரே கூறாக வரும் பசையில் பிசினும், அதை இறுகவைக்கும் ஹார்ட்னரும் முன்கூட்டியே கலந்திருக்கும். எதிர்வினை நடக்காமல் நிறுத்தி வைப்பது குளிர்தான். பல பசைகளுக்கு மைனஸ் 40 டிகிரி தேவை. வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18-தான் தரும். அங்கே ஆயுள் வெகுவாகக் குறையும். உறைந்த சரக்கு உலர்பனிக்கட்டியோடு வந்து சேர வேண்டும். பெட்டியைத் திறக்கும்போது பனிக்கட்டி முழுதும் தீர்ந்திருந்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

வெளியே எடுத்த சிரிஞ்சை முனை கீழே இருக்கும்படி நிமிர்த்தி நிறுத்துங்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. 3 அல்லது 5 மில்லிலிட்டர் சிரிஞ்சுக்கு 30 முதல் 60 நிமிடம், பெரியதற்கு இன்னும் கூடுதல். வெளியில் வியர்த்த நீரைத் துடைத்த பிறகு திறக்கலாம். குளிர்ந்த பசையைத் திறந்தால் காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து, கியூரிங்கின்போது குமிழியாக வெளிவரும்.

அவசரத்துக்கு வெந்நீரிலோ ஓவன் மேலோ வைத்து உருக்காதீர்கள். சிரிஞ்சுச் சுவரும் பசையும் வெவ்வேறு வேகத்தில் விரிவதால் ஓரத்தில் இடைவெளி விழுந்து காற்று புகும், பிறகு ஊசியிலிருந்து விட்டுவிட்டு வரும். ஒருமுறை உருகியதைத் திரும்ப உறையவைப்பதும் வேண்டாம். ஒரு நாளைக்குத் தேவையான அளவுள்ள சிறு சிரிஞ்சுகளாக வாங்குவதே சிக்கனம்.

இரண்டு கூறாக வருவதைக் கலப்பதில் என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் ஒவ்வொரு டப்பாவையும் தனித்தனியாக, அடிவரை சுரண்டிக் கலக்குங்கள். வெள்ளி அடியில் படிந்திருக்கும். மேலாக எடுத்தால் பிசின் மட்டும் வரும், இணைப்பு ஒட்டும், ஆனால் கடத்தாது. இரண்டு டப்பாவுக்கும் ஒரே கரண்டி கூடாது.

கண்ணளவில் பிழியாமல் 0.01 கிராம் காட்டும் தராசில் எடையிடுங்கள். எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தாலும் மொத்தம் 2 கிராமுக்குக் குறையாமல் கலப்பது நல்லது. அதற்குக் கீழே போனால் தராசின் பிழையே விகிதத்தைக் கெடுக்கும். பரவலாகப் பயன்படும் எப்போ-டெக் எச்20இ போன்றவற்றில் விகிதம் எடைக்கணக்கில் 1:1. மற்றவற்றில் 100:5 போலவும் வரும், அப்போது இன்னும் எச்சரிக்கை தேவை. கண்ணாடித் தகட்டின் மேல் பரப்பி, மடித்து, மீண்டும் பரப்பி 2 நிமிடம் கலக்குங்கள். வட்டமாக வேகமாக அடித்தால் காற்று சேரும். வெற்றிட அறை இருந்தால் சில நிமிடம் வைத்துக் காற்றை வெளியேற்றிவிடலாம்.

ஹார்ட்னரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்பது பாலியெஸ்டர் ரெசின் பழக்கத்தில் வரும் நினைப்பு. எபாக்சியில் ஹார்ட்னர் எதிர்வினையில் பங்கேற்கும் பொருள். கூடினாலும் குறைந்தாலும் மீதி எதிர்வினை புரியாமல் மென்மையாக நின்றுவிடும்.

பொட்டு வைப்பதா, ஸ்டென்சிலா? எவ்வளவு வைக்க வேண்டும்?

சில டஜன் இணைப்புகள் என்றால் ஊசி. ஊசியின் உள்விட்டம், பசையிலுள்ள பெரிய செதிலைப் போல 7 முதல் 10 மடங்காவது இருக்க வேண்டும். 25 கேஜ் ஊசியின் உள்விட்டம் ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர். செதில் 25 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் அது அடைத்துக்கொள்ளும். அடைப்பு வந்தால் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். பிசின் மட்டும் பிழிந்து வந்து வெள்ளி உள்ளே தங்கிவிடும். நேர்க்குழாய் உலோக ஊசியைவிடக் கூம்பு வடிவப் பிளாஸ்டிக் முனை சீராக ஓடும்.

எண்ணிக்கை அதிகம் என்றால் ஸ்டென்சில், அதாவது பேடுகளுக்கேற்பத் துளையிட்ட மெல்லிய தகடு. 100 மைக்ரோமீட்டர் தடிமன் தொடக்கத்துக்குச் சரி. இங்கே சால்டர் பேஸ்ட் பழக்கத்தை மறக்க வேண்டும். பேஸ்ட் உருகும்போது பேடின் மேல் தானாகத் திரண்டுகொள்ளும், கோணலாக வைத்த பாகத்தையும் நேராக இழுத்துவிடும். பசை இரண்டையும் செய்யாது. எங்கே அச்சிட்டீர்களோ அங்கேயே இறுகும், பாகத்தை எப்படி வைத்தீர்களோ அப்படியே நிற்கும். ஆகவே ஸ்டென்சில் துளையைப் பேடைவிடச் சிறிதாக, பரப்பில் 60 முதல் 80 சதவீதமாக வெட்டச் சொல்லுங்கள். பாகத்தின் அடிப்பக்கம் நோக்கிய விளிம்பில் கூடுதலாகக் குறையுங்கள். இரு முனைப் பொட்டுகளும் அடியில் வழிந்து சேர்ந்தால் மேலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத ஷார்ட் கிடைக்கும்.

பாகத்தை வைத்து அழுத்தும்போது அடியில் 25 முதல் 50 மைக்ரோமீட்டர் பசை நிற்க வேண்டும். முழுக்கப் பிதுக்கிவிட்டால் ஒட்டு பலவீனமாகும். சிப்பை ஒட்டும் வேலையில் நான்கு பக்கமும் மெல்லிய ஓரம் தெரிய வேண்டும், ஆனால் சிப்பின் உயரத்தில் முக்கால் பங்கைத் தாண்டி ஏறக் கூடாது. மேல் முகத்தைத் தொட்டால் சர்க்கியூட் போயிற்று.

கியூரிங் சூடும் நேரமும் எப்படித் தீர்மானிப்பது?

டேட்டாஷீட்டில் பல ஜோடிகள் இருக்கும். எச்20இ-க்குக் குறைந்தபட்சமாக 175 டிகிரியில் 45 விநாடி, 150-இல் 5 நிமிடம், 120-இல் 15 நிமிடம், 80-இல் 3 மணி நேரம் என்று கொடுத்திருப்பார்கள். பரிந்துரையோ 150-இல் 1 மணி நேரம். குறைந்தபட்சத்துக்கும் பரிந்துரைக்கும் இவ்வளவு வித்தியாசம் இருப்பதற்குக் காரணம் உண்டு. குறைந்தபட்சத்தில் பசை கெட்டியாகிவிடும். மின்தடை அடிமட்டத்துக்கு வருவதும், ஈரத்தைத் தாங்கும் தன்மை வருவதும் அதற்குப் பிறகுதான். உங்கள் பொருள் தாங்கும் உச்சச் சூட்டில், பரிந்துரைத்த நேரம் முழுதும் வையுங்கள்.

நேரத்தை எண்ணத் தொடங்குவது ஓவன் டிஸ்ப்ளே 150 காட்டும்போது அல்ல, இணைப்பு 150-ஐ அடைந்தபோது. போர்டைத் தாங்கிப் பிடிக்கும் கனமான ஜிக்கின் மேல் உட்கார்ந்த போர்டு 20, 30 நிமிடம் பின்தங்கியே இருக்கும். சூட்டை அளக்கும் மெல்லிய தெர்மோகப்பிள் ஒன்றைக் கழிவு போர்டில் இணைப்புக்கு அருகில் ஒட்டி ஒருமுறை அளந்து எழுதிவைத்தால் போதும். ஓவனில் மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் உள்ள வித்தியாசமும் அதிலேயே தெரிந்துவிடும்.

கரைப்பான் கலந்த பசையானால் 80 டிகிரி வாக்கில் கொஞ்ச நேரம் நிறுத்திப் பிறகு ஏற்றுங்கள். நேரடியாக 150-க்குள் தள்ளினால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே ஆவி சிக்கிப் பொந்து விழும். ஈரம் குடித்த போர்டையும் பாலியெஸ்டர் ஃபிலிமையும் முன்கூட்டியே உலர்த்துவது நல்லது.

ஓவன் இல்லை. அறை வெப்பத்தில் இறுகும் வகை போதுமா?

சென்சார் கம்பி, பழுது வேலை, ஆய்வகச் சோதனைக்குப் போதும். 24 மணி நேரம் அசையாமல் வையுங்கள். முடிந்தால் 65 டிகிரிக்கு மேல் கொஞ்ச நேரம் சூடேற்றுங்கள். மின்தடையும் ஒட்டும் வலிமையும் தெளிவாக மேம்படும். ஹாட் ஏர் கன் மட்டும் வேண்டாம். ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் பச்சையாகவே இருக்கும்.

இணைப்பு நன்றாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

சாதாரண மல்டிமீட்டரின் கம்பி மட்டுமே 0.1, 0.2 ஓம் காட்டும். அதற்குள் 20 மில்லி ஓம் இணைப்பு மறைந்துபோகும். இரண்டு முனைகளில் மின்னோட்டம் செலுத்தி, வேறு இரண்டு முனைகளில் வோல்ட் அளக்கும் நான்கு முனை முறைதான் சரி. மில்லி ஓம் மீட்டர் இல்லாவிட்டால் பவர் சப்ளையில் 1 ஆம்பியர் வைத்து, இணைப்பின் இருபுறமும் மில்லிவோல்ட் அளந்தால் அதுவே மில்லி ஓம்.

பசையை மட்டும் சோதிக்க: கண்ணாடித் தகட்டில் இரண்டு டேப்புகளை 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் இணையாக ஒட்டி, நடுவே பசையை வழித்து, டேப்பை உரித்துவிட்டுக் கியூர் செய்யுங்கள். தடிமன் 60 மைக்ரோமீட்டர், அளக்கும் நீளம் 50 மில்லிமீட்டர் என்றால் 0.0004 தன் மின்தடைக்கு ஏறத்தாழ 1.3 ஓம் வர வேண்டும். 5 ஓம் வந்தால் கலவையோ கியூரிங்கோ தப்பு. ஒவ்வொரு கலவையிலும் ஒரு தகடு இப்படி எடுத்துவைப்பது மலிவான காப்பீடு.

நீடித்த உழைப்புக்கு, 85 டிகிரி செல்சியஸ், 85 சதவீத ஈரப்பதத்தில் 500 மணி நேரம் வைத்து, மின்தடை மாற்றம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது துறையில் நெடுநாளாகப் புழங்கும் அளவுகோல். பூஜ்ய ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக ஒட்டிச் சோதித்தால் பல இணைப்புகளை ஒரே அளவீட்டில் பார்க்கலாம். அந்த ரெசிஸ்டர்களின் முனையும் உண்மையான போர்டில் வரப்போகும் அதே முலாமாக இருக்கட்டும்.

வெள்ளி “நகர்ந்து” ஷார்ட் ஆகும் என்கிறார்களே?

உண்மைதான். ஈரம், ஒரே திசை (டிசி) மின்னழுத்தம், நெருக்கமான இடைவெளி மூன்றும் சேர்ந்தால் வெள்ளி நேர்முனையில் கரைந்து, எதிர்முனையில் மரக்கிளை போன்ற இழைகளாக வளரும். பிசினுக்குள் அடைபட்டிருப்பதால் வெறும் வெள்ளித் தடத்தைவிட வேகம் குறைவு, ஆனாலும் உண்டு. கியூரிங்குக்குப் பிறகு போர்டில் உப்பும் கைரேகையும் இல்லாமல் துடைத்து, மேலே பாதுகாப்புப் பூச்சுக் கொடுங்கள். எப்போதும் வோல்டேஜ் நிற்கும் இரு பேடுகளுக்கு நடுவே வடிவமைப்பிலேயே இடைவெளியைக் கூட்டுங்கள்.

கீழே விழுந்தால் பெரிய ஐசி பிடுங்கிக்கொள்கிறது. என்ன செய்யலாம்?

வெள்ளி நிறைந்த எபாக்சி அதிர்ச்சியை உள்வாங்காது. சிறு ரெசிஸ்டருக்கு எடை இல்லை என்பதால் தப்பும். பல கால்கள் கொண்ட கனமான ஐசி, கனெக்டர், சுருள் இவற்றுக்கு இது ஏற்றதல்ல. தவிர்க்க முடியாவிட்டால் மின்கடத்தாத எபாக்சியை நான்கு மூலையிலும் வைத்து, எடையை அது தாங்கும்படி செய்யுங்கள். வளையும் ஃபிலிமில் விறைப்பான எபாக்சிக்குப் பதில் நெகிழும் பிசினைத் தேர்ந்தெடுங்கள். பிடுங்கிய இடத்தைப் பாருங்கள்: பேட் சுத்தமாகப் பளபளத்தால் ஒட்டவே இல்லை, அதாவது சுத்தம் செய்யாத பரப்பு. இரு பக்கமும் பசை இருந்தால் பசைக்குள்ளேயே முறிந்திருக்கிறது, அதாவது கியூரிங் போதவில்லை அல்லது வெள்ளி அதிகமான பகுதி.

டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ் கேபிளைக் கண்ணாடியில் ஒட்டுவது எப்படி?

ஒரே திசையில் கடத்தும் பழைய டேப்பின் எச்சத்தை அதற்குரிய கரைப்பானால் முழுக்க நீக்கி, ஆல்கஹாலில் துடையுங்கள். டேப்பைக் கண்ணாடியில் வைத்து 80 டிகிரி வாக்கில் ஓரிரு விநாடி மென்மையாக அழுத்தி, மேல்தாளை உரியுங்கள். மைக்ரோஸ்கோப்பில் தடங்களை நேர்செய்து, ஃபிலிமுக்குச் சொன்ன சூட்டில், பொதுவாக 170 முதல் 200 டிகிரி, 10 முதல் 20 விநாடி, 2 முதல் 4 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் சூடான தலையால் அழுத்துங்கள். சூடு இறங்கும்வரை அழுத்தத்தை விடக் கூடாது. முன்பே விட்டால் பிசின் இறுகும் முன் நசுங்கிய உருண்டைகள் மீண்டு தொடர்பு விட்டுப்போகும்.

தலை கண்ணாடிக்கு இணையாக இல்லாவிட்டால் ஒரு பக்கக் கோடுகள் மட்டும் டிஸ்ப்ளேயில் காணாமல் போகும். சால்டரிங் அயர்னில் ரப்பர் முனை மாட்டித் தேய்ப்பது வெப்பத்தில் ஒட்டும் பழைய கார்பன் கேபிள்களுக்குத்தான் உதவும், நெருக்கமான தடங்களுக்கு உதவாது.

கார் பின்கண்ணாடி ஹீட்டரின் டேப் (கம்பி மாட்டும் உலோக முனைத் தகடு) கழன்றுவிட்டது. சில்வர் எபாக்சி தாங்குமா?

அறுந்த கோட்டை இணைக்கத் தாராளமாகத் தாங்கும், அங்கே ஒரு ஆம்பியர் அளவில்தான் ஓடும். டேப் வேறு. மொத்த மின்னோட்டமும், 10 முதல் 20 ஆம்பியர் வரை, அந்த ஓர் இணைப்பு வழியாகப் போகிறது. 15 ஆம்பியரில் இணைப்பு 10 மில்லி ஓம் இருந்தால் 2.25 வாட் சூடு அங்கேயே பிறக்கும். ஆகவே தன் மின்தடை குறைந்த இரு கூறுப் பசை, முழு அடிப்பரப்பிலும் மெல்லிய அடுக்கு, 24 மணி நேரம் பிடிப்பு. டேப்பின் அடியை உப்புத்தாளால் தேய்த்துப் புது உலோகம் காட்டுங்கள். கண்ணாடி மேல் உள்ள வெள்ளிப் பட்டையைச் சுரண்டாமல் ஆல்கஹாலால் மட்டும் துடையுங்கள்.

தப்பாக ஒட்டியதைக் கழற்றலாமா?

இறுகுமுன் என்றால் ஆல்கஹாலோ அசிட்டோனோ போதும். இறுகிய எபாக்சி கரையாது, சூட்டில் மென்மையாகும். 150 முதல் 200 டிகிரி வரை அந்த இடத்தை மட்டும் சூடேற்றி, பாகத்தைத் தூக்காமல் பக்கவாட்டில் திருகினால் பேட் பிழைக்கும். மிச்சத்தை மரக்குச்சியாலோ மழுங்கிய கத்தியாலோ வழித்து, புதுப் பசை வையுங்கள். சால்டரிங் அயர்னை நேரே வைத்துப் பிசினைக் கருக்கினால் வரும் புகை கெட்டது, கரியும் பேடில் தங்கிவிடும்.

உடல்நலத்துக்குக் கேடு உண்டா?

ஈயம் இல்லை என்பதால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமல்ல. இறுகாத எபாக்சியும் அதன் ஹார்ட்னரும் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிறு அளவு பட்டாலும் அரிப்பும் தடிப்பும் வரும், அது போவதில்லை. நைட்ரைல் கையுறை போடுங்கள், பசை பட்டதும் மாற்றுங்கள். தோலில் பட்டால் அசிட்டோனால் துடைக்காமல் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள், கரைப்பான் அதைத் தோலுக்குள் கொண்டுபோகும். ஓவனின் காற்று வெளியே போக வழி வேண்டும். இறுகிய பசையைத் தேய்க்கும்போது முகமூடி அணியுங்கள். வெள்ளி நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு, ஆகவே கழுவிய நீரையும் துடைத்த துணியையும் சாக்கடையில் விடாதீர்கள். காலி சிரிஞ்சு, காலாவதியான டப்பா, ஸ்டென்சில் துடைத்த துணி எல்லாவற்றையும் ஒரே பீப்பாயில் சேர்த்து, வெள்ளி மீட்கும் உரிமம் பெற்ற நிறுவனத்திடம் எடைபோட்டுக் கொடுங்கள்.